ஆள் ஏத்து என்றொரு பொத்தான்

நான் உலகத்தைப் பலமுறை பிடித்திருக்கிறேன். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கும் இரண்டாம் ஷிப்டு வேனுக்கும் நடுவில். ஒருமுறை ரோமாபுரியை எரித்துவிட்டு இறங்கி வந்து, டீயில் சர்க்கரை குறைவு என்று டீக்கடைக்காரரிடம் சண்டை போட்டேன். பாரசீகத்தின் வாசலில் என் யானைப்படை நின்றுகொண்டிருந்த ஒரு மதியம், வீட்டில் கேஸ் தீர்ந்துபோய் என் மனைவி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். சக்கரவர்த்திகளுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது.

இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் நடந்த கதை இது. சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டரிடம் நான் சூப்பர்வைசர். பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு எனக்கு, அதுதான் பதவி. காலையில் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்ற வேண்டும். கம்பெனி கேட்டில் ஆள் இறக்க வேண்டும். எவனாவது மட்டம் போட்டால் வேறு ஆள் பிடிக்க வேண்டும். "இன்னா, ஆள் கம்மியா கீது?" "அந்த ஆளை மாத்து." "வெல்டிங் தெரிஞ்ச ஆள் இருந்தா ஏத்திக்கினு வா." என் நாள் முழுவதும் இந்த ஒரு சொல்லிலேயே ஓடியது. வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட "எத்தினி ஆள் போவணும்?" என்று கேட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

வேன் டிரைவர் ஆரம்பாக்கத்துக்காரர். அங்கிருந்து ஒரு கல்லை விட்டெறிந்தால் ஆந்திராவில் விழும். என்னைவிட மூத்தவர், இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர், ஆனாலும் என்னை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். அப்பா என்று அர்த்தம். அவருக்கு அப்பாவாக நான் செய்த ஒரே காரியம் தினமும் டீ வாங்கிக் கொடுத்ததுதான்.

வேன் நிற்கும் இடத்துக்கு எதிர் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. நடத்தியவர் பழவேற்காட்டுக்காரர். பரம்பரையாக வியாபாரக் குடும்பம். தாத்தா துணி, அப்பா கருவாடு, இவர் கம்ப்யூட்டர். ஊரே அவரை பாய் என்று கூப்பிட்டது. ஆனால் சென்டரை உண்மையில் ஓட்டியது அவருடைய தங்கை. கம்ப்யூட்டர் டிகிரி முடித்தவள். வைரஸ் வந்தால் அவள், கரண்ட் போய் வந்தால் அவள், எவனாவது கீபோர்டில் பஜ்ஜி எண்ணெய் தடவினாலும் அவள். பாய்க்குத் தெரிந்த மொத்தக் கம்ப்யூட்டரும் ஒரே வாக்கியம்: "ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." பாதி நேரம் அது வேலையும் செய்தது, அதுதான் எங்களுக்கு எரிச்சல்.

டிரைவரும் நானும் அங்கே பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ராஜ்ஜியம் ஆள்வோம். அந்த வகை விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஓர் ஆற்றங்கரை, நாலு குடிசை, கொஞ்சம் குடிமக்கள். மரம் வெட்டு, வயல் போடு, கோட்டை கட்டு, பக்கத்து நாட்டுக்காரனை ஒழி, அவ்வளவுதான். மவுஸால் ஒரு கட்டம் வரைந்தால் உள்ளே மாட்டியவர்கள் எல்லாரும் உன் ஆட்கள். சுரங்கத்தைக் காட்டினால் சுரங்கத்துக்குப் போவார்கள். லீவு கேட்க மாட்டார்கள், பாட்டி செத்துப்போச்சு என்று இரண்டாம் முறை சொல்ல மாட்டார்கள், பி.எஃப். எங்கே என்று கேட்க மாட்டார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு வேறு சொர்க்கம் வேண்டுமா?

சாவும் அங்கே சுலபம். வெட்டுப்பட்டவன் கொஞ்ச நேரம் தரையில் கிடப்பான், பிறகு தானாகக் கரைந்துவிடுவான். எடுத்துப் போட வேண்டாம், அழ ஒருத்தரும் வர மாட்டார்கள். எரிந்த ஊரில் புல் முளைத்துவிடும். நீ ஜெயித்தாய் என்று கொம்பு ஊதுவார்கள்.

ஒருநாள் பாயின் தங்கை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இப்ப ஒரு ஊரை எரிச்சீங்களே, அதுல இருந்தவங்க எங்க போவாங்க?"

"சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருப்பாங்க தங்கச்சி."

டிரைவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேலும் கொஞ்ச நாள் கழித்து வேறொரு விளையாட்டில், கப்பல் விட்டு நாடு பிடிக்கும் விளையாட்டு அது, நம் கடற்கரை வந்தது. பச்சையாக ஒரு கோடு, அதில் ஒரு பொம்மைக் கோட்டை, பக்கத்தில் துணி மூட்டை படம். அவள் திரையில் விரலை வைத்து, "இது எங்க ஊரு" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நம்ம மாவட்டம், வெளிநாட்டான் செய்த விளையாட்டில்!

"துணி மட்டும்தான் போச்சாம்" என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள். பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த டச்சுக்காரர்கள், துணி ஏற்றிய அதே துறையில் மனிதர்களையும் விலைக்கு வாங்கி ஏற்றினார்கள். முக்கியமாகப் பஞ்ச காலங்களில். பசி தாங்காமல் தன்னைத்தானே விற்றவர்கள் உண்டு, பிள்ளையை விற்றவர்கள் உண்டு. கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். அவள் கல்லூரி நூலகத்தில் படித்திருக்கிறாள். நானும் பழவேற்காட்டுக்குப் போனவன்தான், இறால் வாங்க. டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டின் பக்கத்தில், அதே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டவன். யார் எலும்புக்கூடு என்று போட்டோவைப் பார்த்த என் மச்சான் சந்தேகம் கேட்டான். என் சரித்திர அறிவு அத்துடன் சரி.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோ கேம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி சென்னையில் ஆள் எடுத்தது. நேர்முகத்துக்கு வருகிறவர்கள் தாங்களே செய்த சின்ன விளையாட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பாய் சென்டரை மூடிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பும் யோசனையில் இருந்தார். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது, எங்களை மாதிரி சக்கரவர்த்திகளை நம்பிக் கடை நடத்த முடியாது. அம்மா ஏற்கெனவே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார். பாய் தங்கையிடம் எங்கள் எதிரிலேயே சொன்னார்.

"இந்த ஒரு இன்டர்வியூ. கெடச்சா போ, நான் அம்மாகிட்ட பேசறேன். கெடைக்கலன்னா அம்மா சொல்றதக் கேளு. அப்புறம் பேச்சு இல்ல."

"சரி" என்றாள். ஒரே சொல். ஆனால் அன்றிலிருந்து அவள் விரல்கள் கீபோர்டில் போட்ட சத்தத்துக்கு எங்கள் போர்க்களமே அமைதியாகிவிட்டது.

அவள் செய்தது பழவேற்காட்டை. ஏரி, படகுகள், கோட்டை, நெசவுக் குடிசைகள், தள்ளி நெல் வயல். நீ கோட்டையின் அதிகாரி. துணி வாங்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும், கோட்டைக்கு அரிசி குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தெல்லாம் தமிழில். சோதித்துப் பார்க்க யாரைக் கூப்பிடுவாள்? உலகத்தைப் பலமுறை பிடித்த அனுபவசாலிகள் இரண்டு பேர் எதிரே டீ குடித்துக்கொண்டிருக்கிறோமே.

"எது சரியில்லையோ சொல்லுங்கண்ணா. என்னா செய்யணும்னு நான் சொல்லித் தர மாட்டேன்."

"எங்களுக்கே சொல்லித் தர்றியா?" என்று டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆரம்பத்தில் சுகமாகத்தான் இருந்தது. துணி வந்தது, கப்பல் போனது, கோட்டைக்கு ஒரு மாடி ஏறியது. பிறகு மழை நின்றது. வயல் மஞ்சளானது. நெசவுக் குடிசைகளில் ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது. கோட்டை மதிலுக்கு வெளியே மனிதர்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒருவரைத் தொட்டால், "சோறு இருக்கா?" என்று கேட்டார். ஆண், பெண், கிழவி, எல்லாருக்கும் பாயின் குரல். பேச வேறு ஆள் கிடைக்கவில்லையாம். ஆறு வயதுப் பெண் குழந்தை பாயின் கட்டைக் குரலில் சோறு கேட்டதும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கல்லாவில் இருந்த பாய், "சிரிக்காதீங்க, நோம்பு நேரத்துல பேசனது, தொண்டை காஞ்சிருந்துச்சு" என்றார்.

அப்போது திரையின் மூலையில் ஒரு புதுப் பொத்தான் முளைத்தது. 'ஆள் ஏத்து.'

எனக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். மதிலோரம் பட்டினியாகக் கிடக்கிறதுகள், எங்கேயோ வேலை இருக்கிறது போல, கப்பல் வந்திருக்கிறது. ஏத்து. கட்டம் வரைந்து மொத்தமாகப் பிடித்தேன், அழுத்தினேன். வரிசையாகப் படகில் ஏறினார்கள். கப்பல் போனது. கோட்டைக்கு அரிசி மூட்டை வந்தது. சபாஷ், இவள் விஷயம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பவும் மதிலோரம் கூட்டம் சேர்ந்தது. திரும்பவும் ஏற்றினேன்.

கொஞ்ச நேரம் போனது. மழை வந்துவிட்டது. வயல் பச்சையானது. உழ வேண்டும், ஆள் இல்லை. நெசவு வேண்டும், குடிசையில் ஆள் இல்லை. கப்பல்கள் வந்தன, காலியாக வந்தன.

"தங்கச்சி, இங்க ஒரு மிஸ்டேக் கீது."

"என்னண்ணா?"

"என் ஆளுங்க இன்னும் ரிட்டன் வர்ல. கப்பல் மட்டும் வந்துக்கினே கீது."

"எந்த ஆளுங்க?"

"ஏத்துனேனே. இன்னும் ஷிப்டு முடியலையா?"

அவள் என்னையே பார்த்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று முதலில் நினைத்திருக்கிறாள். எப்போதும் விளையாட்டுக்கே சொல்லிச் சொல்லி, நிஜமாகக் கேட்டால் நம்ப ஆளில்லாமல் போன கேஸ் நான். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, அவங்க திரும்பி வர மாட்டாங்க. வித்தாச்சு."

"வித்தாச்சா? யாரு வித்தது?"

"நீங்கதான்."

பக்கத்து நாற்காலியில் டிரைவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார், சூடான சைலன்சரைத் தொட்டவர் மாதிரி. அவர் தன் மெஷினில் என்னைவிட அதிகமாக ஏற்றியிருந்தார்.

"நான் வயசுப் பொண்ணுங்களாப் பாத்து மொதல்ல ஏத்துனேன் நைனா" என்றார். "அதுங்களாச்சும் போற எடத்துல சாப்புடட்டுமேன்னு."

டிரைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ம்மா, கப்பல ரிவர்ஸ் எடு."

"அதுக்கு ரிவர்ஸ் இல்லண்ணா."

"இன்னாம்மா இது, வண்டின்னு ஒண்ணு இருந்தா ரிவர்ஸ் இருக்காதா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"ஆன் பண்ணா மொதல்லேர்ந்து வரும். அப்பவும் மழை நிக்கும்."

மறுநாள் காலை வேனில் ஆள் ஏற்றும்போது, புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஆர்.கே.பேட்டை பக்கத்துக்காரர், ஜன்னல் வழியாகக் கேட்டார்: "சார், சாயங்காலம் வேன் எப்ப வரும்?" இந்தக் கேள்வி வருஷக்கணக்காகத் தினமும் என் காதில் விழுவதுதான். வழக்கமாக "வரும் வரும்" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவேன். அன்றைக்கு எந்த கேட்டில், எந்தப் பக்கம், என்ன நேரம், தாமதமானால் எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அத்தனையும் சொன்னேன். அவர் பயந்துபோய், "ஏன் சார், வராதா?" என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன், என் வேன் கப்பல் இல்லை. என் ஆட்கள் அத்தனை பேரும் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினார்கள். சில நாள் வேன் பிரேக்டவுன் ஆகி எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தோம், அது வேறு.

அவளோ அதைத் தன் தவறாக எடுத்துக்கொண்டாள். 'ஆள்' என்று போட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பொத்தான் சின்னது, 'அடிமை' என்று எழுதினால் கடைசி எழுத்து வெட்டுப்பட்டது, அதனால் ஆள். இப்போது பொத்தானைப் பெரிதாக்கி 'அடிமை ஏத்து' என்று தெளிவாகப் போட்டாள். திரும்பவும் எங்களைக் கூப்பிட்டாள்.

இந்த முறை எனக்கு எல்லாம் தெரியும். மழை நின்றது, கூட்டம் வந்தது, பொத்தான் வந்தது. நான் மீசையை முறுக்கினேன். தெருக்கூத்தில் ராட்சச வேஷக்காரன் குரலில், "யாரங்கே! அந்த அடிமைகளைக் கொண்டு வா!" என்றேன். சென்டரில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிச் சிரித்தார்கள். டிரைவர் முதலில் மாட்டேன் என்றார். நான் முந்திப் போவதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "டப்பு எவ்ளோ ஏறுது நைனா?" என்று கேட்டுவிட்டு அவரும் இறங்கிவிட்டார். கப்பல் கப்பலாக அனுப்பினோம். கோட்டை வானத்தைத் தொட்டது. டிரைவரை ஜெயித்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் முகம் சின்னதாகிப்போயிருந்தது.

"போன வாரம் உங்க ஆளுங்க ரிட்டன் வர்லன்னு தேடுனீங்க. இன்னிக்கி மீசைய முறுக்குறீங்க."

"அது வந்து... அன்னிக்கி எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சப்பறம்தானே இன்னும் ஜாஸ்தி ஏத்துனீங்க?"

முறுக்கிய மீசையை நானே தடவி இறக்கினேன். என் வரலாற்றிலேயே அது அபூர்வம். அப்புறம் யோசித்தபோது ஓரளவு பிடிபட்டது. அடிமை என்று போட்டதும் அது எவனோ ஒருவனுடைய கதையாகிவிட்டது. பழைய காலம், வேற்று மனுஷன், வில்லன் வேஷம். வேஷம் கட்டினால் எதை வேண்டுமானாலும் செய்யலாம், கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆள் என்றபோது வேஷம் இல்லை. நான் நானாக உட்கார்ந்து, நல்லது செய்கிற நினைப்பில், என் ஆட்களை அனுப்பினேன். ஒருவேளை அந்தக் காலத்தில் மதிலுக்கு உள்ளே கணக்குப் பார்த்தவர்களும் மீசையை முறுக்கிக்கொண்டு இருந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் அவளிடம் இவ்வளவு அழகாக நான் சொல்லவில்லை. "பழைய பொத்தானே சோக்கா கீது தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். அவள் அதையேதான் நினைத்திருந்தாள்.

பாய்க்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

"இத எடுத்துக்கினு போயி அவன் முன்னால வெச்சா வேலை குடுப்பானா? பொழுது போகறதுக்கு வெளையாட வர்றவன அழ வெக்கறியா? துணி வித்தான், மொளகு வித்தான்னு முடிச்சுக்கோ."

"துணி மட்டும் விக்கல, அண்ணா."

"சரி, வெள்ளைக்காரன் பண்ணான். அதுல அந்தத் தரகனுக்கு எதுக்கு நம்மாளு மாதிரி தொப்பி போட்ட?"

விஷயம் இதுதான். ஊருக்குள் துணி வாங்கித் தரும் வியாபாரி என்று ஒரு படம் வரைந்திருந்தாள். பஞ்சத்தில் ஆட்களைக் கூட்டி வருகிற தரகருக்கும் அதே படம். புதிதாக வரைய நேரமில்லை என்றாள். எனக்கென்னவோ நேரமிருந்தாலும் மாற்றியிருக்க மாட்டாள் என்று தோன்றியது.

"தலப்பா கட்டுன தரகரும் போட்டிருக்கேன் பாருங்க. ரெண்டு பேரும்தான் இருந்தாங்க."

"பாய் சொல்றதும் நாயம்தானே" என்று நான் சமாதானத்துக்குப் போனேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணா. மதிலாண்ட வந்தவங்க யாரு வயல்லேர்ந்து வந்தாங்க? அந்த வயலு யாருது?"

என் குடும்பம் கடம்பத்தூர்ப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம். களத்துக்கு வந்த வேலையாட்களை எங்கள் வீட்டில் எப்படி அழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும், படியாள், அதுவும் 'ஆள்' என்றுதான் முடியும். நான் டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். சமாதானத்துக்குப் போகிறவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

கடைசியில் அவள் இரண்டு சிடி போட்டாள். ஒன்றில் துணி மட்டும். மழை பெய்யும், கோட்டை வளரும், எல்லாரும் நலம். இன்னொன்றில் ஆள். இரண்டையும் எடுத்துக்கொண்டு போவது, அங்கே ஆளைப் பார்த்து முடிவு செய்வது. நான் துணி சிடியைக் கொடுக்கச் சொன்னேன். எனக்கு அவளுக்கு வேலை கிடைத்தால் போதும். சரித்திரம் நானூறு வருஷம் காத்திருந்தது, இன்னும் கொஞ்சம் காத்திருக்காதா?

ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. நேர்முகம் செய்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டுவிட்டாள், பொத்தான் மட்டும் நின்றது. ஆள் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன? அகராதியில் இருக்கும் சொல் எதைப் போட்டாலும் ஒன்று அடிமை ஆகிவிடுகிறது, இல்லை பொதுஜனம் ஆகிவிடுகிறது. கூலி என்று வைத்தால் கூலி கொடுத்ததாக ஆகிவிடும். எங்கள் பேரரசின் அறிஞர் சபை, அதாவது நான், டிரைவர், அவள் மூவரும், மாடி ஜன்னலில் நின்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்.

டிரைவர்தான் கீழே கையைக் காட்டினார். "இன்னாத்துக்கு பேஜாரு? தெனம் மூஞ்சிக்கு எதுர எழுதி ஒட்டிக்கினு திரியறமே."

எங்கள் வேன் கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர். 'மேன்பவர் சப்ளை'.

அவள் அதைப் படித்தாள், என்னைப் பார்த்தாள். வருத்தப்படுவேனோ என்று யோசித்திருப்பாள். "போடு தங்கச்சி" என்றேன். "ஸ்டிக்கர் ஒட்டன காசாவது உபயோகப்படட்டும்."

நேர்முகத்துக்கு எங்கள் வாரவிடுமுறை நாளில் வேனிலேயே போனோம். பாய் முன் சீட்டில், என் பதவி பறிபோய் நான் பின்னால். அவள் நாஷ்டா சாப்பிடவில்லை, வழி முழுக்க வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு வந்தாள். அவள் உள்ளே போன பிறகு நாங்கள் மூவரும் எதிரே ஒரு மரத்தடியில் நின்றோம். பாய் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஒரு ஜோக் சொன்னேன். டிரைவர், "நைனா, இன்னிக்கி வாணாம்" என்றார்.

வெயில் சாய்ந்துதான் வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. அவளாகப் பேசினாள்.

"எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணாந் தேதியிலேர்ந்து."

நான் போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த காக்கை பறந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பாய் மட்டும் திரும்பாமல் கேட்டார்: "எந்த சிடி குடுத்த?"

"ஆள் சிடி."

அவள் நடந்ததைச் சொன்னாள். இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் பீரங்கி எங்கே, சண்டை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மற்றவர், வயதானவர், அவரே உட்கார்ந்து விளையாடியிருக்கிறார். மழை நின்று, மதிலோரம் கூட்டம் வந்ததும் அவர் பொத்தானை அழுத்தவில்லை. கோட்டைக்குள் இருக்கும் அரிசி மூட்டைகள் மேலே மவுஸை ஓட்டி ஓட்டித் தேடியிருக்கிறார்.

"அவர் கேட்டாரு, அரிசி குடுக்கறதுக்குப் பொத்தான் எங்கன்னு. இல்ல சார்னேன். மறந்துட்டியான்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"அவங்க குடுக்கல சார், அதனால நானும் வைக்கலன்னேன்."

நாங்கள் இரண்டு பேரும் அத்தனை முறை விளையாடினோம், அந்த மூட்டைகளைத் திறந்து கொடுக்க முடியுமா என்று ஒருமுறைகூடத் தேடவில்லை. எங்கள் கண்ணில் கப்பல்தான் பட்டது. அந்தப் பெரியவர் இன்னொரு தடவை மூட்டைகளைத் தட்டிப் பார்த்தாராம். அப்புறம் அழுத்தினாராம். வேறு வழி இல்லையே, அதைத் தாண்டிப் போக. இதை விற்க முடியாது என்று சொல்லிவிட்டார், ஜெயிக்க வழி இல்லாத விளையாட்டை எவன் வாங்குவான் என்று. ஆனால் நீ வா என்றாராம்.

"அங்க போயி இன்னா பண்ணுவ?" என்று டிரைவர் கேட்டார்.

"ஒரு வெளிநாட்டுத் தோட்டத்து கேம். தக்காளி வரையணும். அது எப்பவும் வாடாதாம்."

"நல்லதாச்சு. தக்காளிக்குத் தொப்பி போடாத" என்றேன். இந்த முறை பாயே சிரித்துவிட்டார்.

செங்குன்றம் தாண்டினோம். சோழவரம் வந்தது, போனது. பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவிடம் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் அடுக்குகிறார் என்று நினைத்தேன். சென்டரை மூடுவதா, இல்லை இவளுக்காகக் கும்மிடிப்பூண்டியிலேயே இருப்பதா, அதுவும் இருந்திருக்கும். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவள் பையை மடியில் வைத்து அதன் வாரை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"காலைல எந்த டிரெயின் புடிப்ப?" என்று பாய் கேட்டார்.

சொன்னாள்.

"லேடீஸ் பொட்டியில ஏறு."

"சரி."

"சனிக்கெழம ஸ்டேஷனுக்குப் போயி பாஸ் எடுத்துடலாம். போட்டோ வெச்சிருக்கியா?"

"இருக்கு. ஒரு மாச பாஸா, மூணு மாச பாஸாண்ணா?"

காரனோடைப் பாலம் வந்தது. கீழே ஆற்றில் கொஞ்சம்தான் தண்ணீர். பாய் பாலம் முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம்" என்றார்.